டிஎன்ஏவுக்கு முட்டுக்கட்டை

திருவண்ணாமலை தீபத் திருவிழாவில் ஏழாம் நாள் தேரோட்டம். மாட வீதி முனையில் வடம் இழுப்பவர்களால் மட்டும் தேர் திரும்பிவிடாது. சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட வேண்டும். டிஎன்ஏவை வளைக்கும் சில புரதங்களும் ஏறக்குறைய அப்படித்தான்.

டிஎன்ஏவை நூல் என்று நினைக்கிறோம். ஆனால் சுமார் 150 காரஇணை நீளத்துக்குள் அது விறைப்பான கம்பி. காரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இறுக அடுக்கப்பட்டிருப்பதும், பாஸ்பேட்டுகளின் எதிர்மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளுவதும் காரணம்.

பாக்டீரியாவின் ஐஎச்எஃப் புரதத்துக்கு இரண்டு கைகள். ஒவ்வொன்றின் நுனியிலும் புரோலின் என்ற அமினோ அமிலம். அது காரஇணைகளுக்கு நடுவே ஆப்பாகச் செருகிக்கொள்ள, அடுக்கு அங்கே உடைகிறது. புரதத்தின் நேர்மின்னூட்டம் டிஎன்ஏவைத் தன் உடலோடு இழுத்துக்கொள்கிறது. 1996இல் வெளியான படிக அமைப்பில் வளைவு 160 பாகைக்கும் மேல். கிட்டத்தட்ட வந்த வழியே திரும்புகிறது!

அதன் உறவுக்காரப் புரதம் எச்யூ இடம் பார்ப்பதில்லை, கோணத்திலும் பிடிவாதமில்லை. அது ஒட்டிய இடம் கீல்போல ஆடும். வளைப்பது வேறு, நெகிழவைப்பது வேறு. எனக்கு எச்யூதான் சுவாரசியம்.

காசநோய்க் கிருமிக்கும் எச்யூ உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் நாகராஜா உள்ளிட்டோர், அது டிஎன்ஏவைப் பற்றும் இடத்தை அடைக்கும் சிறு மூலக்கூறுகளை 2014இல் வெளியிட்டார்கள். ஆய்வகத்தில் கிருமியின் வளர்ச்சி தடைபட்டது.