எரிமலையின் வாயில் வளர்ந்த பனியாறு

உலகெங்கும் பனியாறுகள் சுருங்கிவரும் காலத்தில், நம் கண்ணெதிரே பிறந்து வளர்ந்த பனியாறு ஒன்று உண்டு. அது இருப்பது எரிமலையின் வாய்க்குள்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள செயின்ட் ஹெலன்ஸ் மலை 1980 மே 18 அன்று வெடித்தது. உச்சியில் சுமார் 400 மீட்டர் பறிபோய், வடக்கே திறந்த லாட வடிவப் பள்ளம் மிஞ்சியது. சரிவுகளில் இருந்த பழைய பனியாறுகளிலும் பெரும்பகுதி அழிந்தது. ஆனால் பள்ளத்தின் தெற்குச் சுவர் செங்குத்தாக நிற்பதால் அதன் அடிவாரம் பெரும்பாலும் நிழல்தான். குளிர்காலப் பனி அங்கே குவிகிறது. சுவரிலிருந்து உதிரும் கற்கள் அதன்மேல் விழுந்து, மரத்தூள் போட்டு மூடிய ஐஸ் கட்டியைப்போல் அதைக் காக்கின்றன. இப்படி அடுக்கடுக்காக அழுந்தி, ஏறத்தாழ இருபதே ஆண்டுகளில், சில இடங்களில் 200 மீட்டர் வரை தடித்த பனியாறு உருவாகிவிட்டது. பார்வைக்கு அது வெள்ளையாக இருக்காது. கல்லும் சாம்பலும் படிந்த கருத்த மேடு. பிளவு விட்ட இடத்தில்தான் உள்ளே இருப்பது பனி என்றே தெரியும்.

2004 அக்டோபரில் அதே பள்ளத்தில் எரிமலைக்குழம்பு மீண்டும் மேலே வரத் தொடங்கியது. எல்லோருக்கும் கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை நினைவுக்கு வந்திருக்கும். 1985 நவம்பர் 13 இரவு அங்கே நிகழ்ந்தது பெரிய வெடிப்பு அல்ல. உருகியதும் உச்சிப் பனியில் பத்தில் ஒரு பங்குதான். அந்த நீர் மண்ணையும் பாறையையும் வாரிக்கொண்டு பள்ளத்தாக்குகளில் இறங்கி, சுமார் இரண்டரை மணி நேரத்தில் ஆர்மேரோ நகரைச் சேற்றில் புதைத்தது. மொத்தம் ஏறத்தாழ 23,000 பேர் இறந்தார்கள்.

செயின்ட் ஹெலன்ஸில் அப்படி நடக்கவில்லை. வந்த குழம்பு ஏற்கெனவே இறுகிய பாறையாக, தன்னைச் சுற்றி நொறுங்கிய கல்தூளைப் போர்த்திக்கொண்டு, மெல்ல மேலெழுந்தது. பாறை வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால் பனி அதிகம் உருகாமல் இரண்டாகப் பிளந்து, ஒதுங்கி, இன்னும் தடித்தது. ரூயிஸிலோ கொதிக்கும் சாம்பலும் வாயுவும் பனியின்மேல் பாய்ந்து, அதைச் சுரண்டிக் கலந்தன. எவ்வளவு சூடு என்பதைவிட, அந்தச் சூடு பனியோடு எப்படிக் கலக்கிறது என்பதே ஆபத்தைத் தீர்மானிக்கிறது. பிளந்த பனியாற்றின் இரு கரங்களும் 2008இல், பள்ளத்தில் குழம்பு இறுகி எழுந்த குன்றுகளைச் சுற்றிவந்து வடக்கே மீண்டும் ஒன்றுசேர்ந்தன.

அதே மாநிலத்தில், இதைவிடப் பன்மடங்கு பனியைச் சுமந்து நிற்கிறது ரெய்னியர் எரிமலை. அதன் கீழே, பழைய சேற்று வெள்ளம் படிந்த மண்ணின்மேல் ஆர்ட்டிங் என்னும் ஊர் இருக்கிறது. மேட்டு நிலத்துக்கு நடந்து தப்பிக்கும் பயிற்சி அவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அளிக்கப்படுகிறது.