நீரிழிவைத் தடுப்பதில் தனிமனிதனின் பங்கு

பெங்களூர் மாநகரின் கிழக்குப் பகுதியில், அல்சூருக்கும் இந்திராநகருக்கும் இடையே அமைந்துள்ளது ஜோகுபாளையம். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கும் இப்பகுதியில் வீடுகள் நெருக்கமானவை, சந்துகள் குறுகியவை. 1898-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பெங்களூரில் பிளேக் நோய் தோன்றியபோது இத்தகைய நெருக்கமான குடியிருப்புகளே பெரிதும் அஞ்சப்பட்டன. எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே அந்நோயை மனிதருக்குக் கொண்டுவருகிறது என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் சிமோன் அதே ஆண்டில்தான் கராச்சியில் சோதித்து அறிந்தார். அம்முடிவை உலகம் ஏற்றுக்கொள்ளப் பின்னும் சில ஆண்டுகள் பிடித்தன. நோய் வரும் வழியே தெரியாத நிலையில், தனி மனிதன் ஒருவன் எவ்வளவு கவனமாக வாழ்ந்தாலும் அதனால் விளையும் பயன் சிறிதே. நெருக்கடியைக் குறைக்கப் பசவனகுடி, மல்லேசுவரம் போன்ற புதிய குடியிருப்புகளை அமைத்தல் முதலிய காரியங்களை அரசாங்கமே செய்ய வேண்டியிருந்தது.

இன்று அதே நகரில் நடுத்தர வயதினரைப் பீடிக்கும் நோய்களின் இயல்பு வேறு. நீரிழிவு எலியால் வருவதன்று. அசுத்த நீரால் வருவதுமன்று. இருபது, முப்பது ஆண்டுகளின் அன்றாட வாழ்க்கையிலிருந்து அது மெல்ல மெல்ல விளைகிறது. ஆகவே, “உன் உடம்பை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்” என்ற அறிவுரையை இப்போது எங்கும் கேட்கிறோம். இவ்வறிவுரை எந்த அளவுக்கு உண்மை? ஒருவர் கையில் உள்ளது எவ்வளவு, கையில் இல்லாதது எவ்வளவு? இவ்வினாவுக்கு ஊகத்தால் அன்றி, ஆராய்ச்சியால் விடை கூற இயலும். அவ்வாராய்ச்சிகளுள் முக்கியமான சில தமிழகத்திலும் கருநாடகத்திலுமே நடைபெற்றுள்ளன.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடத்தப்பட்ட பெரும் கணக்கெடுப்பு ஒன்றின் முடிவுகள் 2023-ஆம் ஆண்டில் வெளியாயின. அதன்படி இந்தியாவில் நீரிழிவு உடையோர் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேர். அவர்களைக் காட்டிலும் மிகுதியாக, 13 கோடியே 60 லட்சம் பேர், நீரிழிவின் வாயிற்படியில் நிற்கிறார்கள். இவர்களுடைய இரத்தத்தில் சர்க்கரை இயல்பான அளவைத் தாண்டிவிட்டது. ஆனால் நோய் என்று கூறும் அளவை இன்னும் எட்டவில்லை. தனிமனித முயற்சி மிகுந்த பலனைத் தருவது இந்த நிலையில்தான்.

இந்நிலையின் பெரும் அபாயம், அது ஒன்றும் சொல்லாமல் இருப்பது. பல் கெட்டால் வலிக்கிறது. கண்ணில் தூசி விழுந்தால் உறுத்துகிறது. சர்க்கரை ஏறுவதை அறிவிக்கும் உறுப்பு உடலில் இல்லை. உண்ட உணவிலிருந்து வரும் குளுகோஸ் இரத்தத்தில் சேரும்போது, கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. அது தசைகளுக்குள் குளுகோஸ் புகும் வழியைத் திறக்கிறது. வயிற்றிலும் கல்லீரலிலும் கொழுப்புச் சேரச் சேர, தசைகள் இன்சுலினுக்கு எளிதில் இணங்குவதில்லை. கணையம் மேலும் மேலும் சுரந்து ஈடுகட்டுகிறது. இவ்வாறு அது பல ஆண்டுகள் உழைக்கும். அதுவரை உடலுக்கு உரியவர் தம்மை முழு ஆரோக்கியமுள்ளவராகவே கருதியிருப்பார். கணையம் களைத்த பின்னரே தாகமும் அடிக்கடி சிறுநீர் கழிவதும் தோன்றுகின்றன. அதற்குள் விழித்திரை, சிறுநீரகம், பாதத்து நரம்புகள் ஆகியவற்றில் சேதம் தொடங்கியிருப்பதும் உண்டு.

“ஒல்லியாக இருப்பவனுக்குச் சர்க்கரை வராது” என்பது மக்களிடையே நிலவும் ஒரு நம்பிக்கை. இது தவறு. புனே நகரைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யட்கினும் தங்கள் புகைப்படத்தையே 2004-ஆம் ஆண்டில் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் குறியீடு இருவருக்கும் ஒன்றே: 22.3. இருவரும் மெலிந்த தோற்றமுடையவர்களே. ஆனால் ஆங்கிலேயரின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், இந்தியரின் உடலில் 21.2 சதவீதம்! எடை பார்க்கும் இயந்திரம் உடலிலுள்ள கொழுப்பைக் காட்டிவிடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சென்னையைச் சேர்ந்த நீரிழிவு நிபுணர் வி. மோகனும் அவருடைய குழுவினரும் 2005-ஆம் ஆண்டில் எளிய மதிப்பெண் முறை ஒன்றை வெளியிட்டனர். அதற்கு இரத்தம் எடுக்க வேண்டியதில்லை. நான்கு விவரங்கள் போதும். வயது 35-க்குக் குறைவானால் மதிப்பெண் இல்லை. 35 முதல் 49 வரை 20. ஐம்பதும் அதற்கு மேலும் 30. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் குறைவாயிருந்தால் மதிப்பெண் இல்லை. அதற்கு மேல் பத்துச் சென்டிமீட்டர் வரை 10. அதையும் தாண்டினால் 20. முறையான தேகப்பயிற்சி, கடின உழைப்பு ஆகிய இரண்டும் உடையவருக்கு மதிப்பெண் இல்லை. ஒன்று மட்டும் இருந்தால் 20. இரண்டும் இன்றி உட்கார்ந்தே இருப்பவருக்கு 30. பெற்றோரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20. மொத்தம் 100. அறுபதும் அதற்கு மேலும் பெறுபவர் மிகுந்த அபாயத்தில் உள்ளவர்; அவர் தாமதமின்றி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

இந்த நூறு மதிப்பெண்களைப் பிரித்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். வயதுக்கு 30, பெற்றோருக்கு 20. இந்த ஐம்பதும் எவராலும் மாற்ற இயலாதவை. இடுப்புக்கு 20, உழைப்புக்கு 30. இந்த ஐம்பதும் ஓரளவேனும் மாற்றத்தக்கவை. ஜோகுபாளையத்திலிருந்து நாள்தோறும் ஆட்டோ ஓட்டிச் செல்லும் நாற்பத்தைந்து வயதினர் ஒருவரை உதாரணமாகக் கொள்ளலாம். வயதுக்கு 20, இடுப்பு 94 சென்டிமீட்டர், எனவே 10, பகல் முழுதும் இருக்கையில் அமர்ந்திருப்பதால் 30, தாய்க்கு நீரிழிவு, எனவே 10. ஆக 70. நாள்தோறும் அவர் நடக்கத் தொடங்கி, இடுப்பும் 88 சென்டிமீட்டராகக் குறைந்தால், மதிப்பெண் 50 ஆகிறது. அவர் அபாயத்திலிருந்து முற்றிலும் நீங்கிவிடவில்லை; ஆயினும் மேல்வரிசையிலிருந்து நடுவரிசைக்கு இறங்கிவிட்டார்.

தாளில் மதிப்பெண் குறைவதால் உண்மையில் நோய் குறையுமா என்று கேட்பது நியாயமே. இதற்கும் சென்னையிலிருந்து விடை கிடைத்திருக்கிறது. மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில், நீரிழிவின் வாயிற்படியில் இருந்த 531 பேரைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடத்தப்பட்டு, 2006-ஆம் ஆண்டில் முடிவுகள் வெளியாயின. அவர்கள் நான்கு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். முதற் பிரிவினருக்குப் பொதுவான அறிவுரை மட்டும். இரண்டாம் பிரிவினருக்கு உணவும் நடையும் பற்றிய தொடர்ந்த வழிகாட்டுதல். மூன்றாம் பிரிவினருக்கு ‘மெட்பார்மின்’ என்னும் மாத்திரை. நான்காம் பிரிவினருக்கு இரண்டும். ஏறத்தாழ மூன்றாண்டு முடிவில், முதற் பிரிவினரில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. வழிகாட்டப்பட்டவர்களில் 39.3, மாத்திரை உண்டவர்களில் 40.5, இரண்டையும் பெற்றவர்களில் 39.5. நடையும் உணவு ஒழுங்கும் மாத்திரைக்குச் சற்றும் குறையாத பயனைத் தந்தன. இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் நன்மை எதுவும் கிடைக்கவில்லை.

அந்த வழிகாட்டுதலில் கடுமையான விரதம் எதுவும் இல்லை. உட்கார்ந்து வேலை செய்பவர்கள் நாள்தோறும் குறைந்தது அரைமணி நேரம் விரைந்து நடக்கவேண்டும். சர்க்கரையையும், தீட்டிய மாவுப்பொருள்களையும், எண்ணெயையும் குறைத்து, நார்ச்சத்துள்ள உணவைச் சேர்க்கவேண்டும். உடலுழைப்பு மிகுந்தவர்கள் அதை விடாமல் தொடர்ந்தால் போதும். மூட்டை சுமப்பவரைப் பார்த்து “காலையில் நடைப்பயிற்சி செய்” என்று எவரும் கூறவில்லை. மற்றொரு செய்தி இன்னும் வியப்பானது: வழிகாட்டப்பட்டவர்களின் உடல் எடை குறையவே இல்லை! எனினும் நோய் குறைந்தது. தசை இயங்கும்போது இன்சுலினின் உதவியை எதிர்பாராமலே குளுகோஸை உள்ளே இழுத்துக்கொள்கிறது என்பதை நினைவிற் கொண்டால் இதன் காரணம் ஓரளவு விளங்கும். பத்து நாள் நடந்தும் எடை இறங்கவில்லையே என்று மனம் சலித்து நிறுத்திவிடுபவர்கள் அறியவேண்டிய செய்தி இது.

அதே எண்களை மறுபுறமும் படிக்கவேண்டும். சொன்னபடி நடந்த பிரிவிலும் நூற்றுக்கு 39 பேருக்கு நோய் வந்தது. அவர்களைக் குற்றவாளிகளாகக் கருதுவது அறியாமை. ஒருவர் கருவில் இருந்தபோதே சில காரியங்கள் முடிந்துவிடுகின்றன. மைசூரிலுள்ள ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934-ஆம் ஆண்டு முதற்கொண்டு பிறந்த குழந்தைகளின் எடை பதிவேடுகளில் பாதுகாக்கப்பட்டிருந்தது. அவர்களுள் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பல்லாண்டுகளுக்குப் பின் தேடிக் கண்டுபிடித்துச் சோதித்தார்கள். பிறந்தபோது எடை குறைந்திருந்தவர்களிடையே இதய நோய் மிகுதியாகக் காணப்பட்டது என்று 1996-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. தாய் உண்ணாத உணவுக்கு மகன் எவ்வாறு பொறுப்பாவான்?

அன்றியும், சென்னை ஆராய்ச்சியில் வெற்றி பெற்றவர்கள் தனியே விடப்படவில்லை. மாதந்தோறும் தொலைபேசியில் விசாரிக்கப்பட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில் ஆலோசனை பெற்றார்கள். பின்னர் 2013-ஆம் ஆண்டில் ராமச்சந்திரன் குழுவினர் மற்றோர் ஆராய்ச்சியின் முடிவை வெளியிட்டனர். அதில் 537 ஆண்களில் ஒரு பாதியினருக்குக் கைப்பேசியில் குறுஞ்செய்தி வாயிலாக நினைவூட்டல்கள் அனுப்பப்பட்டன. ஈராண்டுகளில் நினைவூட்டப்பட்டவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கும், மற்றவர்களில் 27 பேருக்கும் நீரிழிவு வந்தது. பொறுப்பு ஒருவருடையதே ஆயினும், அதை நினைவூட்ட இன்னொருவர் இருப்பது பெருந்துணை. வீட்டில் மனைவியோ மகளோ இப்பணியைச் செய்யலாம். செய்தியைவிடச் சற்றுக் கடுமையாகவும் செய்வார்கள்.

ஜோகுபாளையம் போன்ற பகுதியில் நடப்பதற்கு இடம் எங்கே என்ற கேள்வி எழும். சந்துகளில் இருசக்கர வாகனங்கள் நெருக்குகின்றன. நடைபாதை எல்லாவிடத்தும் இல்லை. எனினும் அல்சூர் ஏரிக்கரை நடந்து செல்லும் தூரத்தில் உள்ளது. 2011-ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய மெட்ரோ இரயிலில் ஹலசூரு நிலையத்தில் ஏறி, மகாத்மா காந்தி சாலைக்கு வேலைக்குச் செல்பவர், ஒரு நிலையம் முன்னதாக டிரினிட்டியில் இறங்கி நடக்கலாம். போகவும் வரவும் இவ்வாறு செய்தால் அரைமணி நேரத்தில் பெரும்பகுதி நிறைவேறிவிடும். வீட்டிலேயே தையல் முதலிய வேலை செய்யும் பெண்களுக்கு இந்த வாய்ப்பும் இல்லை. ஒரு மணிக்கு ஒருமுறை எழுந்து சில நிமிடம் நடமாடுவதும், மாடிப்படி ஏறி இறங்குவதும் அவர்களுக்கு உதவும். ஆயினும் இவை அரைமணி நடைக்கு முழு ஈடாகா.

உணவைப் பொறுத்தவரை முதலில் கவனிக்க வேண்டியது தேநீர்க் கோப்பை. ஒரு கோப்பையில் இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை என்றால் ஏறத்தாழ 8 முதல் 10 கிராம். நாளொன்றுக்கு ஐந்து கோப்பை அருந்துபவர் பலகாரம் எதையும் தொடாமலே 40 முதல் 50 கிராம் சர்க்கரை உண்டுவிடுகிறார். உலகச் சுகாதார ஸ்தாபனம் 25 கிராமுக்குள் நிற்பது நன்று என்கிறது. அடுத்தது சோறு, அதன் அளவைக் குறைத்து, பருப்பையும் காய்கறியையும் கூட்டவேண்டும். இராகி உண்டால் சர்க்கரை ஏறாது என்ற பேச்சு பெங்களூரில் மிகுதி. இராகியில் நாரும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு என்பது உண்மையே. ஆயினும் நைஸாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் அதுவும் விரைவாகவே சர்க்கரையை ஏற்றும். ஏற்கெனவே மருந்து உண்பவர்கள் இராகியையோ கஷாயத்தையோ நம்பி மருந்தை நிறுத்துவது ஆபத்தானது.

முப்பது வயது கடந்த எல்லோருக்கும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சோதிக்கப்பட வேண்டும் என்பது மத்திய அரசின் திட்டம். கருநாடகத்தில் 2022-ஆம் ஆண்டின் இறுதியில் ‘நம்ம கிளினிக்’ நிலையங்கள் தொடங்கப்பட்டன. அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியில் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் வீட்டு வாயிலுக்கே கொண்டுசெல்லப்படுகின்றன. சோதனையில், 75 கிராம் குளுகோஸ் அருந்தி இரண்டு மணி நேரம் கழித்து, 100 மில்லிலிட்டர் இரத்த நீரில் சர்க்கரை 140 மில்லிகிராமுக்குக் குறைவாயிருந்தால் இயல்பு. 140 முதல் 199 வரை வாயிற்படி. 200-உம் அதற்கு மேலும் நீரிழிவைக் காட்டும்.

இடுப்பை அளப்பதிலும் முறை உண்டு. வேட்டி அல்லது கால்சட்டை கட்டும் இடத்தில் அளப்பது சரியன்று. அது பெரும்பாலும் தொந்திக்குக் கீழே இருக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, நிமிர்ந்து நின்று, வயிற்றை உள்ளிழுக்காமல், மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில் நாடாவைச் சுற்றவேண்டும். நாடா தோலை அழுத்தக்கூடாது. கிடைக்கும் அளவை நாட்குறிப்பிலோ காலண்டரின் பின்புறத்திலோ தேதியுடன் எழுதி வைத்து, மூன்று மாதம் கழித்து அதே நாடாவால் மீண்டும் அளக்கலாம்.