ஃபைபர் படகில் ஆன்டெனாவை எங்கே நிறுத்துவது?

பக்கத்துப் படகின் பேச்சு கரகரவென்று கேட்கிறது, கரையைக் கூப்பிட்டால் பதிலே இல்லை என்றதும் மீனவர்கள் பலர் முதலில் குறை சொல்வது வயர்லெஸ் செட்டைத்தான். கையில் பிடிக்கும் 5 வாட் வாக்கி டாக்கியைக் கடாசிவிட்டு 25 வாட் செட் வாங்கினால் சரியாகிவிடும் என்று கணக்குப் போடுவார்கள். செட்டை மாற்றுவதற்கு முன் ஆன்டெனா நிற்கும் இடத்தை ஒருமுறை பார்ப்பது நல்லது. செலவும் குறைவு.

விசைப்படகுக்கு வீல் ஹவுஸ் கூரை இருக்கிறது; எதையும் அதன் மேல் ஏற்றிவிடலாம். 28 அடி ஃபைபர் படகில் அந்த வசதி கிடையாது. வலை, ஐஸ் பெட்டி, டீசல் கேன், நாலைந்து ஆட்கள், பின்னால் என்ஜின் என்று ஏற்கெனவே நெருக்கடி. இதற்குள் வி.எச்.எஃப்., ஜி.பி.எஸ்., டிரான்ஸ்பாண்டர் என்று மூன்று ஆன்டெனாக்களுக்கு இடம் தேட வேண்டும். மூன்றும் மூன்று விதமான இடம் கேட்பவை.

வி.எச்.எஃப். கேட்பது உயரம். அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனல் 156.8 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். கடல் வளைந்து இறங்கும் இடத்துக்கு அப்பால் எட்டாது. எத்தனை வாட் கொடுத்தாலும் அந்த வளைவைத் தாண்ட முடியாது. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1-ஆல் பெருக்கினால், எட்டும் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். பலகையில் உட்கார்ந்து வாக்கி டாக்கியைப் பிடித்திருப்பவரின் ஆன்டெனா நீர்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரம் என்றால் 4 கிலோமீட்டர். அதையே 4 மீட்டர் கம்பத்தில் ஏற்றினால் 8. இரண்டு படகுகளும் அப்படி ஏற்றினால் ஒன்றோடொன்று 16 கிலோமீட்டர் வரை பேசலாம். கரையில் 36 மீட்டர் கோபுரம் இருந்தால் அதற்கே 25 கிலோமீட்டர் எட்டும். நம் கம்பம் அதோடு சேர்ப்பது சில கிலோமீட்டர்தான். கம்பத்தின் முழுப் பலன் தெரிவது படகுக்கும் படகுக்கும் இடையில். நடுக்கடலில் முதலில் உதவிக்கு வருவதும் பக்கத்துப் படகுதானே.

கம்பம் உயரட்டும்; ஆனால் நீளமான ஆன்டெனாவாகப் பார்த்து வாங்கக் கூடாது. கடைக்காரர் 6 டெசிபல், 9 டெசிபல் என்று அடுக்குவார். டெசிபல் கூடக் கூட அலை தட்டையாக, அடிவானத்தை ஒட்டியே பாயும். சின்னப் படகு அலையில் உருளும்போது அந்தத் தட்டை அலை ஒரு பக்கம் தண்ணீருக்குள்ளும் மறுபக்கம் வானத்துக்கும் போய்விடும். ஃபைபர் படகுக்கு ஒரு மீட்டர் நீளமுள்ள 3 டெசிபல் ஆன்டெனாவே பொருத்தம். அது செங்குத்தாக நிற்க வேண்டும். இரும்புக் கம்பத்தின் பக்கவாட்டில் கட்டாமல் உச்சியில் பொருத்த வேண்டும்; பக்கத்தில் நிற்கிற உலோகம் அந்தத் திசையை மறைத்துவிடும்.

ஜி.பி.எஸ்-ஐயும் அதே உச்சியில் ஏற்றிவிடுவது சிலரின் வழக்கம். அது வீண் வேலை. செயற்கைக்கோள் 20,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. நாம் கூட்டுகிற மூன்று மீட்டரில் என்ன வந்துவிடப்போகிறது? கெடுதல்தான் உண்டு. படகு 15 டிகிரி சாய்ந்தால் 4 மீட்டர் கம்பத்தின் உச்சி பக்கவாட்டில் ஒரு மீட்டர் வீசும். அந்த ஆட்டத்தையும் கருவி படகின் ஓட்டம் என்றே எடுத்துக்கொள்ளும். வேகமும் திசையும் துள்ளும். ஜி.பி.எஸ். தாழ்வாக, வானம் திறந்து தெரிகிற இடத்தில் இருந்தால் போதும். மேலே ஃபைபர் தகடு இருந்தாலும் சிக்னல் வரும். தகரக் கூரை இருந்தால் வராது.

2017-இல் ஒக்கிப் புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரிப் படகுகளுக்கு வி.எச்.எஃப். எட்டவில்லை. அந்தக் குறையைப் போக்க வந்தவற்றில் ஒன்று டிரான்ஸ்பாண்டர். ஒரு லட்சம் படகுகளில் பொருத்த 364 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. டிரான்ஸ்பாண்டர் ஜிசாட்-6 செயற்கைக்கோள் வழியாகப் பேசுகிறது. அந்தச் செயற்கைக்கோள் கிழக்கு 83 டிகிரியில் நிற்பதால் நம் கடலிலிருந்து பார்த்தால் சற்றே தெற்காக, 75 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே இருக்கும். ஆகவே இதற்கும் கம்பம் தேவையில்லை. அணியத்தில் வைத்தால் அலை அடித்து நொறுக்கும், பின்பாதியே நல்லது.

கம்பத்தை என்ஜினுக்குச் சற்று முன்னால், வலை இழுக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க விளிம்பில் நிறுத்தலாம். அலை உடைகிற இடத்தைத் தாண்டிக் கரையேறும்போது மடக்கிப் படுக்க வைக்கிற அடிப்பாகம் அவசியம். வி.எச்.எஃப். ஆன்டெனாவுக்கும் மற்ற இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஒரு மீட்டர் விடவேண்டும். ஆட்கள் உட்காரும் இடத்துக்கும் அதே இடைவெளி.

எல்லாம் சரியாக இருந்தும் கேட்கவில்லை என்றால் ஒயர் இணைப்பைப் பிரித்துப் பாருங்கள். சுற்றிய டேப்பை உரித்தால் உள்ளே பச்சை பூத்த செம்பும் கறுத்துப்போன நடுக்கம்பியும் தெரியும். உப்புத்தண்ணீர் ஒயருக்குள் இறங்கிவிட்டால் கறுத்த பகுதி முழுவதையும் வெட்டிவிட்டு, இழுத்துச் சுற்றும் ரப்பர் டேப் போட வேண்டும். மெல்லிய ஆர்.ஜி-58 ஒயரில் 10 மீட்டர் ஓடுவதற்குள்ளேயே மூன்றில் ஒரு பங்கு சக்தி கரைந்துவிடும். தடித்த ஆர்.ஜி-213-இல் இழப்பு அதில் பாதிதான்.

பொருத்தி முடித்ததும் ஒரு சோதனை. ஜி.பி.எஸ். திரையைப் பார்த்துக்கொண்டே வயர்லெஸ் பட்டனை அழுத்திப் பத்து விநாடி பேசுங்கள். அந்த நேரத்தில் இருப்பிடப் புள்ளி தாவினாலோ சிக்னல் கோடுகள் சரிந்தாலோ இரண்டும் நெருக்கமாக இருக்கின்றன. ஜி.பி.எஸ்-ஐ இன்னும் அரை மீட்டர் தள்ளி வைத்து மறுபடி அழுத்திப் பார்க்க வேண்டும்.