குப்பை அள்ளுமுன் ஒத்திகை

2009 பிப்ரவரியில் இரிடியம் 33, காஸ்மோஸ் 2251 ஆகிய செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 790 கிலோமீட்டர் உயரத்தில் மோதி ஆயிரக்கணக்கான துண்டுகளாகச் சிதறின. அதே ஆண்டு செப்டம்பரில், சுவிட்சர்லாந்தின் லொசான் தொழில்நுட்பக் கழக மாணவர்கள் உருவாக்கிய, ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையுள்ள சுவிஸ்கியூப் என்னும் செயற்கைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. மூலம் ஏவப்பட்டது. இத்தகைய மோதல்களால் விண்வெளிக் குப்பை பெருகும் என்பதால், தான் அனுப்பியதைத் தானே அகற்ற 2012-இல் அக்கழகம் திட்டம் அறிவித்தது. நொடிக்கு 7 கிலோமீட்டருக்கு மேல் விரைந்தபடியே கட்டுப்பாடின்றிச் சுழலும் பொருளைப் பிடிப்பதைத் தரையில் முழுமையாக ஒத்திகை பார்க்க வழியில்லை. அதன் சுழற்சி, அதன்மேல் விழும் வெயில், நிழல், பிடிகருவியின் அசைவு எல்லாவற்றையும் முதலில் கணினியில்தான் உருவகப்படுத்திப் பார்க்க வேண்டும்.

திரையில் பிடிபடுவது விண்ணிலும் பிடிபடுமா என்ற ஐயம் நியாயமானதே. உராய்வையும் பிடிக்க வீசும் வலையின் நெகிழ்வையும் கணினி மாதிரி தவறாக மதிப்பிடலாம். அதனால்தான் சர்ரே பல்கலைக்கழகம் தலைமையேற்ற ரிமூவ்டெப்ரி திட்டம் 2018-இல் சுற்றுப்பாதையிலேயே வலைவீசிச் சோதித்தது. ஆனால் கணினியில் தோற்றால் நிரலைத் திருத்தினால் போதும். விண்ணில் தோற்றால் குப்பை பெருகும். மாணவர் முயற்சி வெறும் பயிற்சிதானே என்பாரும் உண்டு. ஆனால் லொசான் குழுவிலிருந்து கிளைத்த கிளியர்ஸ்பேஸ் நிறுவனத்தைத்தான் 2019-இல் ஐரோப்பிய விண்வெளி முகமை குப்பை அகற்றும் பணிக்குத் தேர்ந்தெடுத்தது. செயற்கைக்கோள் செய்யக் கற்றுத்தரும் நம் கல்லூரிகள், அதை இறக்கும் கணக்கையும் பாடமாக்க வேண்டும்.