விவாகமான ஸ்திரீகளுக்கு ஆரோக்கியக் கூட்டங்கள்

மாடு நோயுற்றால் அன்றைக்கே வைத்தியரைத் தேடிச் செல்கிறோம். வீட்டுப் பெண்ணுக்குக் கர்ப்பாசய சம்பந்தமான உபாதை ஏற்பட்டாலோ, அவள் அதை ஒருவரிடமும் சொல்லாமல் மாதக்கணக்கில் சகித்துக் கொள்கிறாள். வெட்கமே இதற்கு முக்கிய காரணம். இவ்வெட்கத்தால் விளையும் கேட்டையும், அதை நீக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் செய்யக்கூடியதையும் இங்கு விளக்குவோம்.

கர்ப்பாசயத்தின் வாயில் உண்டாகும் புற்றுநோயை உதாரணமாகக் கொள்வோம். தேக சம்பந்தத்தால் பரவும் ஒருவகை நுண்கிருமியே இதற்கு மூலகாரணம். பெரும்பாலோரிடம் அக்கிருமி தானாகவே நீங்கிவிடும். சிலரிடம் மட்டும் நிலைத்து, பல வருஷங்களுக்குப் பின் புற்றாக மாறும். கணவனையன்றி வேறொருவரை அறியாத பெண்ணுக்கும் இந்நோய் வரலாம். ஆதலால் நோயுற்றவளின் நடத்தையைச் சந்தேகிப்பது அறியாமையாகும். விவாகத்திற்கு முன் சிறுமியருக்குப் போடத் தடுப்பூசி உண்டு. விவாகமானவர்களுக்கோ சோதனையே சிறந்த காவல்.

வினிகர் என்னும் காடியிலுள்ள அசெட்டிக் அமிலத்தை நீர்க்கச் செய்து கர்ப்பாசய வாயில் தடவினால், கெடத் தொடங்கிய பாகம் ஏறக்குறைய ஒரு நிமிஷத்தில் வெளுத்துத் தோன்றும். அந்நிலையிலேயே சிகிச்சை செய்தால் புற்று வராமல் தடுக்கலாம். திண்டுக்கல் ஜில்லாவின் கிராமங்களில் 2000 முதல் 2003 வரை பயிற்சி பெற்ற நர்ஸுகள் இம்முறையைக் கையாண்டனர். 30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 ஸ்திரீகள் சோதனைக்கு உரியவர்கள்; வந்தவர்கள் 31,343 பேர். சோதனை நடந்த பஞ்சாயத்துக்களில், நடவாதவற்றைவிட, இந்நோயால் நேர்ந்த மரணம் நூற்றுக்கு 35 பங்கு குறைந்ததென 2007-ல் வெளியான ஆராய்ச்சி தெரிவித்தது. ஆயினும் மூவரில் ஒருவருக்கு மேல் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உபாயம் எளியது; பெண்களை வரச் செய்வதே அரியது. அதற்குரிய வழி, அவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசுவதே.

கூட்டம் நடத்தும் முறை வருமாறு:

1. இருபது பேருக்கு மேற்படாமல், ஆடவர் வராத இடத்தில், வேலை ஓய்ந்த வேளையில் கூட வேண்டும். மாமியாரும் மருமகளும் தனித்தனிக் கூட்டங்களில் அமர்வது நலம்.

2. கிராம சுகாதார நர்ஸ் படங்களைக் காட்டி விளக்க வேண்டும். முதல் நாள் மாதவிடாய்ச் சுத்தம். இரண்டாம் நாள் பிரசவங்களுக்கிடையே இடைவெளி விடும் முறைகள். மூன்றாம் நாள் நோய்க் குறிகள்.

3. சேர்க்கைக்குப் பின் உதிரம் காணுதல், மாதவிடாய் அடியோடு நின்ற பின் உதிரம் காணுதல், துர்நாற்றத்துடன் வெள்ளைபடுதல் ஆகியவற்றை ஒருபோதும் அலட்சியம் செய்யலாகாதென்று வற்புறுத்த வேண்டும்.

4. அங்கு பேசியது வெளியே செல்லலாகாது. ஒருவரையும் அவருடைய சொந்த விஷயத்தைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தலாகாது.

5. கலையுமுன் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லும் நாளைக் குறித்து, யாவரும் சேர்ந்தே செல்ல வேண்டும். தனியே செல்லக் கூசுபவள் துணையோடு செல்வாள்.

ஆடவருக்கும் கடமை உண்டு. தேக சம்பந்தத்தால் தொற்றும் நோய்கள் சிலவற்றில், கணவனும் சிகிச்சை பெறாவிடில் மனைவிக்கு நோய் திரும்பவும் வரும். அவளைக் கூட்டத்திற்கு அனுப்புவதோடு, தானும் வைத்தியரிடம் செல்லத் தயங்கலாகாது.

சங்கம் கட்டிடத்தைக் கொடுக்கலாம். வண்டிச் சத்தத்தைப் பொதுநல நிதியிலிருந்து அளிக்கலாம். தாய் படுக்கையில் விழுந்தால் குடும்பத்தின் சேமிப்புக் கரைந்து கடன் பெருகுமென்பதை அங்கத்தினர்கள் நன்கறிவர். அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானிப்பார்களாக.