மடிக்கணினி: விலையும் பயனும்

பள்ளியிறுதித் தேர்வு முடிவுகள் வெளிவந்து கல்லூரிகள் திறக்கும் காலம் நெருங்கிவிட்டால், நம் குடும்பங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழுகின்றது. பிள்ளைக்கு எந்த மடிக்கணினியை வாங்குவது? தில்லியில் இருப்போர் நேரு பிளேசுக்கும், மும்பையில் இருப்போர் லாமிங்டன் சாலைக்கும், பெங்களூரில் இருப்போர் எஸ்.பி. சாலைக்கும் சென்று விசாரித்துக் குழப்பத்துடன் திரும்புகின்றனர். ஒன்றன் விலையில் மற்றொன்றை மூன்று வாங்கலாம் போலிருக்கிறது. இரண்டிலும் திரை உண்டு, விசைப்பலகை உண்டு. பின் எதற்காக இவ்வளவு வேறுபாடு? உயர்ந்த விலைக்கு உரிய பயன் உண்மையிலேயே கிடைக்கின்றதா, அன்றி மலிவானதே போதுமா? இதனை நேயர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகின்றோம்.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இது சிறிய கேள்வியன்று. வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், ஆண்டுக்கொரு முறை ஊருக்குச் சென்று வரும் ரயில் செலவு, அங்குள்ள பெற்றோர்க்கு அனுப்பும் தொகை ஆகிய அனைத்தும் போக எஞ்சுவதிலிருந்தே இச்செலவைச் செய்தாக வேண்டும். பெருமைக்காகக் கொடுக்கும் பணமும் வீண். மலிவென்று மயங்கி, ஒரே பொருளுக்கு இருமுறை கொடுக்கும் பணமும் வீண்.

விலைச் சீட்டில் காணும் தொகையை மட்டும் கொண்டு ஒரு பொருளை மதிப்பிடலாகாது. அத்தொகையை அப்பொருள் உழைக்கும் ஆண்டுகளால் வகுத்துப் பார்த்தல் வேண்டும். பட்டுச்சேலைக்கும் வெண்கலப் பானைக்கும் நம் பாட்டிமார் போட்ட கணக்கு இதுவே. உதாரணமாக, ரூ. 27,000 விலையுள்ள கணினி 3 ஆண்டுகள் உழைக்கின்றது எனக் கொள்வோம், ஆண்டுக்கு ரூ. 9,000 ஆகிறது. ரூ. 54,000 விலையுள்ளது 6 ஆண்டுகள் உழைத்தால், அதற்கும் ஆண்டுக்கு ரூ. 9,000 தான். ரூ. 1,08,000 விலையுள்ளது 8 ஆண்டுகள் உழைத்து, இறுதியில் ரூ. 20,000-க்கு விலைபோனாலும், ஆண்டுக்கு ரூ. 11,000 ஆகிறது. இவை கணக்குக்காக நாம் எடுத்துக்கொண்ட தொகைகளே. 2025-ஆம் ஆண்டின் இறுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியதைப் போன்ற மாறுதல்களும் நேர்வதுண்டு. ஆகவே, வாங்கும் நாளில் தத்தம் ஊர் விலையை இட்டு இக்கணக்கைப் போட்டுப் பார்த்தல் நலம். பெரும்பாலும் மலிவானது அவ்வளவு மலிவன்று என்பதும், மிக உயர்ந்தது எல்லோர்க்கும் இலாபமன்று என்பதும் அதனால் விளங்கும்.

மலிவான கணினி ஏன் விரைவில் தளர்கின்றது? விண்டோஸ் 11 இயங்குவதற்கு வேண்டிய மிகக் குறைந்த அளவு 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. சேமிப்பிடம் என்று மைக்ரோசாப்ட் நிறுவனம் வகுத்துள்ளது. மிக மலிவான கணினிகள் பல இவ்வெல்லையை ஒட்டியே அமைகின்றன. உயிர் பிழைக்கப் போதிய கஞ்சி, உழைக்கப் போதிய உணவாகுமா? இணைய வகுப்பு ஒருபுறமும் பாடக் குறிப்பு ஒருபுறமும் திறந்தவுடனே பொறி திணறுகின்றது. இவற்றுட் சிலவற்றில் எஸ்.எஸ்.டி.க்குப் பதிலாக, அதனினும் வேகம் குறைந்த இ.எம்.எம்.சி. என்னும் சேமிப்பகம் உள்ளது. அதில் 64 ஜி.பி. மட்டுமே இருப்பின், விண்டோஸும் அதன் புதுப்பிப்புகளுமே பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும். ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பின், பின்னர் அதனைக் கூட்டவும் இயலாது.

மென்பொருளுக்கும் ஆயுள் உண்டு. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. 2021 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11, பொதுவாக இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட செயலிகளை ஏற்பதில்லை. ஆதலின், உடல் நன்றாயிருந்தும் வழக்கமான பாதுகாப்புத் திருத்தம் பெற வழியின்றி நின்றுபோன கணினிகள் பல. கழிந்துபோன செயலியைக் கொண்ட பொறியைக் குறைந்த விலைக்குத் தருவோரிடம் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்.

இனி, உயர்ந்த விலையின் பக்கத்தையும் நேர்மையுடன் நோக்குவோம். 2020 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் எம்1 என்னும் தன் சொந்தச் சில்லுடன் மேக்புக் ஏர் கணினியை வெளியிட்டது. இந்தியாவில் அதன் தொடக்க விலை ரூ. 92,900. விசிறி இல்லை, ஆதலின் இரைச்சல் இல்லை. மின் இணைப்பின்றி ஒரு வேலைநாள் முழுவதும் உழைக்கும் திறன் அதற்கு இருந்தது. மின்கலம் 1,000 முறை மின்னேற்றிய பின்னும் தன் கொள்ளளவில் 80 விழுக்காட்டைத் தாங்குமாறு வடிவமைக்கப்பட்டது என்பது அந்நிறுவனத்தின் கூற்று. தெளிந்த திரை, உறுதியான உலோக உடல், பழையதாயினும் நல்ல மறுவிற்பனை விலை ஆகியவை மெய்யான நன்மைகளே. நாள்தோறும் எட்டு மணி நேரம் கணினியின் முன் அமர்ந்து அதனாலேயே ஊதியம் ஈட்டுவோர்க்கு இவ்விலை தகும் என்பதில் நமக்கு ஐயமில்லை.

எனினும் உயர்ந்த விலை எல்லாக் குறையையும் நீக்கிவிடுவதில்லை. அந்த ரூ. 92,900-க்குக் கிடைத்த ரேம் 8 ஜி.பி. மட்டுமே, பின்னர் அதனைக் கூட்ட வழியில்லை. 2024 அக்டோபரில் அந்நிறுவனமே மேக்புக் ஏர் கணினிகளின் குறைந்த அளவை 16 ஜி.பி. ஆக உயர்த்தியது. பெயரைப் பார்த்து வாங்குவோரும் உள்ளே இருப்பதைப் பார்த்தே வாங்க வேண்டும் என்பதற்கு இது போதிய சான்று. வெளுத்ததெல்லாம் பாலாகாது அன்றோ?

அதனினும் முதன்மையானது பொருத்தம். எவ்வளவு விலையுயர்ந்த செருப்பாயினும் காலுக்கு அளவு பொருந்தாவிடில் பயனென்ன? கணக்குத் தணிக்கை பயிலும் மாணவர்க்கு வேண்டிய டேலி, கட்டடக் கலைஞர் கையாளும் ரெவிட், இயந்திரப் பொறியியலார்க்குரிய சாலிட்வொர்க்ஸ் ஆகியவை விண்டோஸுக்கென ஆக்கப்பட்டவை. ஆப்பிளின் சொந்தச் சில்லுள்ள கணினிகளில், பழைய மேக் கணினிகளிற் போல விண்டோஸைத் தனியே நிறுவிக்கொள்ளும் பூட் கேம்ப் வசதியும் இல்லை. மாறாக, ஐபோன் செயலி ஆக்குவோர்க்கு வேண்டிய எக்ஸ்கோடும், படத்தொகுப்பாளர் விரும்பும் பைனல் கட் புரோவும் மேக்கில் இயங்குகின்றன, விண்டோஸில் இயங்குவதில்லை. ஆகவே, பிள்ளை சேரவிருக்கும் துறையில் எம்மென்பொருள் வேண்டும் என்பதைக் கல்லூரியில் கேட்டறிந்த பின்னரே கடைக்குச் செல்க. தமிழ் எழுதுவதற்கோ விலை ஒரு தடையன்று. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் வழியே நிலைபெற்ற தமிழ் 99 விசைப்பலகையை விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் அமைத்துக்கொள்ளலாம்.

அவ்வாறாயின் நடுத்தரக் குடும்பம் எதனை நாடுவது? 16 ஜி.பி. ரேம், அல்லது 8 ஜி.பி. இருந்து, பின்னர்க் கூட்ட இடம் உள்ளது. 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. கண்ணை வருத்தாத முழு எச்.டி. திரை. தட்டினால் ஆடாத விசைப்பலகை, தளராத கீல். இவை அமைந்த இடைநிலைக் கணினியே பெரும்பாலான மாணவர்க்குப் போதும். பணியிட மாற்றம் நம்மவர்க்கு இயல்பாதலின், பழுது நேர்ந்தால் எந்த ஊரிலும் செல்லும் உத்தரவாதம் உண்டா என்பதையும் கேட்டறிதல் வேண்டும். இன்று நாகபுரியில் இருப்போர் நாளை குவாஹாட்டியில் இருக்கக்கூடும்.

கையிருப்பு இன்னும் குறைவாயின், புத்தம்புதிய மலிவுக் கணினியைவிட, அலுவலகங்கள் பயன்படுத்திக் கழித்துப் பின் புதுப்பித்து விற்கப்படும் உயர்தரக் கணினியே மேல் என்பது எமது கருத்து. திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் முதலிய வரிசைகள் அலுவலக உழைப்பிற்கென ஆக்கப்பட்டவை. ரேமையும் மின்கலத்தையும் மாற்ற இவற்றுட் பல இடந்தரும். வாங்குமுன் ஐந்தைப் பார்க்க: செயலி விண்டோஸ் 11-ஐ ஏற்குமா, மின்கலம் எவ்வளவு நேரம் நிற்கிறது, எல்லா விசைகளும் இயங்குகின்றனவா, பழைய உரிமையாளரின் கடவுச்சொல் பூட்டு நீக்கப்பட்டதா, கடைக்காரர் ரசீதும் உத்தரவாதமும் தருகின்றாரா. ரசீதின்றி வாங்குவது எவ்வளவு மலிவாயினும் வேண்டா. எழுத்து வேலைக்கும் இணையத்திற்கும் மட்டுமே எனில், விலையின்றிக் கிடைக்கும் உபுண்டு லினக்ஸும் லிப்ரே ஆபீசும் பழைய பொறிக்கு மறுவாழ்வு அளிக்கும்.

‘வட்டியில்லாத் தவணை’ என்னும் விளம்பரத்தைப் பற்றியும் ஒரு சொல். வட்டியே இல்லாத கடன் என்னும் கருத்து உண்மையில் இல்லை என்று 2013 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குத் தெளிவுபடுத்தியது. ரொக்கமாகக் கொடுப்போர்க்குரிய தள்ளுபடியை இழப்பதாகவோ, வேறு கட்டணமாகவோ வட்டி ஏதேனும் ஒரு வழியில் வந்து சேரும். மாதத் தொகை சிறிதாகத் தோன்றுவதாலேயே விலையுயர்ந்ததை நாடுவோர் பலர். ரொக்க விலை என்ன, தவணைகளின் மொத்தம் என்ன என்று இரண்டையும் எழுதி வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தால் மயக்கம் தெளியும்.

இறுதியாக, மனத்தை உறுத்தும் ஒன்றைக் கூறாதிருத்தல் இயலவில்லை. சில இல்லங்களில் மகனுக்கு இலட்ச ரூபாய்க் கணினி வருகின்றது, மகளுக்கோ, ‘அண்ணனுடையதை வாங்கிக்கொள், இல்லையேல் கைப்பேசி போதும்’ என்னும் மொழி கிடைக்கின்றது. சிறிய திரையில் விரலால் தட்டித் தட்டி ஒரு பெண் தன் திட்டக் கட்டுரையை முடிப்பது எவ்வளவு கடினம் என்பதை ஒரு மாலை அருகில் அமர்ந்து பார்த்தால் பெற்றோர் உணர்வர். மேலே கண்ட கணக்கை மீண்டும் நோக்குக: ரூ. 1,08,000-க்கு ஒன்று, அல்லது ரூ. 54,000-க்கு இரண்டு. மகனுக்கு இதனால் கல்வியில் குறைவு நேராது. மகளுக்கோ அது தன் சொந்த மேசையில் அமர்ந்து பயிலும் உரிமையாகும்.

விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் என்பர் பெரியோர். தொழிலுக்கு வேண்டுமாயின் உயர்ந்ததை வாங்கத் தயங்க வேண்டா. அண்டை வீட்டார் வியக்க வேண்டும் என்பதற்காயின் ஒரு ரூபாயும் அதிகம். மிக மலிவானதைக் கண்டு மகிழ்வோர் மூன்றாம் ஆண்டுச் செலவையும் எண்ணிப் பார்க்க. பிள்ளைகள் இருவராயின், வாங்கும் பொருள் இருவர்க்கும் எட்டுவதாக இருக்கட்டும்.