பொலிஸ் துண்டு வேறு, வாக்காளர் இடாப்பு வேறு

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தும் வாக்கில்லாத குடும்பங்களை நாம் சந்திக்கிறோம். "நாங்கள் பதிந்துதானே இருந்தோம்" என்பார்கள். காட்டுவதோ போர்க்காலப் பொலிஸ் பதிவுத் துண்டு. அந்தத் துண்டு வாக்குரிமை தராது. தங்குவதற்குக்கூட அது உத்தரவாதமாக இருக்கவில்லை: 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர், மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது.

இலங்கையில் பிரஜைகளுக்கே வாக்கு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. அவர்களது வாக்கும் போயிற்று. இடம்பெயர்ந்த நீங்கள் பிரஜைகள். ஆயினும் இடாப்பில் பெயரில்லாவிடில் வாக்களிக்க இயலாது.

இடாப்பு ஆண்டுதோறும் மீளாய்வு செய்யப்படுகிறது. அவ்வேளை 18 வயது நிறைந்த ஒவ்வொருவரின் பெயரும், குடியிருக்கும் வீட்டின் படிவத்தில், கிராம அலுவலர் வழியாகச் சேரவேண்டும். வீட்டுச் சொந்தக்காரர் சிலர் வாடகைக்கு இருப்போரின் பெயரை எழுத அஞ்சுகின்றனர். இடாப்பில் பெயர் ஏறுவதால் வீடு எவருக்கும் சொந்தமாகாது என்று பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். மறுத்தால் கிராம அலுவலரிடம் நேரே செல்லுங்கள். அங்கும் முடியாவிடில் மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்கு.

கொழும்பில் பதிந்தால் ஊர்க்காணி போய்விடுமோ என்ற அச்சமும் நம்மவரிடம் உண்டு. உறுதிக்காணியின் உரிமை உறுதியில் இருக்கிறது, வாக்காளர் இடாப்பில் அல்ல. அனுமதிப்பத்திரக் காணியென்றால் அதன் நிபந்தனைகளைப் பிரதேச செயலகத்தில் கேட்டறியுங்கள். இடம்பெயர்ந்தோர் பழைய ஊரிலேயே பதிவதற்காக 2013இல் 27ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் இயற்றப்பட்டது. ஒருவரின் பெயர் இரண்டு இடங்களில் இருக்கலாகாது. சேர்ப்போர், நீக்கப்படுவோர் பட்டியல்கள் காட்சிக்கு வைக்கப்படும் நாட்களில் போய்ப் பெயரைத் தேடிப் பாருங்கள்.